பிரச்சினை வருமுன் பேசிப் பழகுவோம்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் தலைவிகள், இளைஞர் குழுவினருக்கான பயிற்சி வகுப்பில் ஆற்றிய உரை)

கிடைக்கிற ஒரு ஞாயிற்றுக்கிழமையில் விறகு வேலையையும் உடுப்புத் துவைப்பதையும் தள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுருக்கமாகவே பேசுகிறோம்.

இன்று எங்களுக்குக் கொடுத்த தலைப்பு ‘பொதுசனத் தொடர்பு’. அதைக் கேட்டதும் ஒரு தலைவர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “என்ன டீச்சர், அது கம்பனிக்காரன் வேலையாச்சே, நமக்கு எதுக்கு?” என்றார்.

அவர் கேட்டது நியாயம். கம்பனிகளுக்கு அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். பத்திரிகைக்கு அறிக்கை எழுதுவார்கள். வெளிநாட்டில் தேயிலை வாங்குகிறவருக்கு, சிரித்துக்கொண்டே கொழுந்து பறிக்கிற பெண்ணின் படத்தை அனுப்புவார்கள். தரச்சான்றிதழ்ப் பரிசோதகர் வருகிற வாரம் லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற தோட்டங்களும் உண்டு. ஒரு மழை பெய்தால் அந்தச் சுண்ணாம்பு கரைந்துவிடும். நாங்கள் பேச வந்தது சுண்ணாம்பைப் பற்றி அல்ல, உறவைப் பற்றி.

நம் வேலையோடும் வாழ்க்கையோடும் சம்பந்தப்பட்டவர்கள் யார் யார் என்று தெரிந்து வைத்திருப்பது, நம்மைப் பற்றிய உண்மையை நம் வாயாலேயே முதலில் சொல்வது, அவர்கள் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்பது, சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது. பொதுசனத் தொடர்பு என்றால் இவ்வளவுதான். ஆனால் இதைப் பிரச்சினை வந்த நாளில் தொடங்க முடியாது. நாலு வீட்டுச் சாவுக்குப் போய் நின்றவர் வீட்டுக்குத்தான் நாலு பேர் வருவார்கள்.

இதை நாங்கள் பட்டுத்தான் படித்தோம். சில வருடங்களுக்கு முன், எங்கள் தோட்டத்தில் ஒரு மலையில் குளவி கொட்டி ஆறு பெண்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இரண்டு பேரை வார்டில் நிறுத்திவிட்டார்கள். கூட்டை அகற்றும் வரை அந்த மலைக்குப் போக மாட்டோம் என்று மறுநாள் காலை பிரட்டுக்களத்திலேயே சொல்லிவிட்டு வீட்டுக்குத் திரும்பினோம். கோரிக்கை சரியானதுதான். ஆனால் ஏன் போகவில்லை என்று வெளியில் ஒருவருக்கும் நாங்கள் சொல்லவில்லை.

நாங்கள் சொல்லாததை மற்றவர்கள் சொன்னார்கள். அன்று பின்னேரமே டவுனில் பேச்சு, ‘தோட்டத்து ஆட்கள் சம்பளம் கூட்டச் சொல்லி வேலைக்குப் போகாமல் இருக்கிறார்களாம்’ என்று. மறுநாள் கடைக்காரர் கடனுக்கு மாவு தர மறுத்தார். கீழே இருக்கிற சிங்களக் கிராமத்திலிருந்து சிலர் அதே மலைக்குக் கைக்காசு வேலைக்கு வந்தார்கள். ரோட்டில் நின்று அவர்களை ஏசினோம். மூன்றாம் நாள் தலையைக் குனிந்துகொண்டு வேலைக்குப் போனோம். இரண்டு நாள் பேர் போனது. கூடு மரத்திலேயே இருந்தது.

இரண்டு கிழமைக்குள் அதே கூட்டுக் குளவி, கிராமத்திலிருந்து வந்த ஓர் அக்காவைக் கொட்டியது. அப்போது எங்கள் மாதர் தலைவி ஒரு காரியம் செய்தார். யாரிடமும் கேட்காமல் போத்தலில் கொத்தமல்லித் தண்ணி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய் அந்த அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தெரிந்த நாலு சிங்கள வார்த்தையில் பேசினார். நாங்கள் ஏன் வேலைக்குப் போகவில்லை என்பது அன்றுதான் அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்தது. “முதலிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் வந்திருக்க மாட்டோமே” என்றார் அந்த அக்கா.

அதன் பிறகு அந்தக் கிராமத்து மரணாதாரச் சங்கத்தாரும் நாங்களும் ஒருவர் வீட்டுச் சாவுக்கு மற்றவர் போகத் தொடங்கினோம். தைப்பொங்கலுக்குப் பொங்கல் கீழே போனது. சித்திரைப் புத்தாண்டுக்குப் பாற்சோறும் கொக்கிசும் மேலே வந்தன.

அடுத்த வருடம் மறுபடியும் குளவி வந்தது. இந்தத் தடவை வேலையை நிறுத்தும் முன் ஒரு பக்கக் கடிதம் எழுதினோம், தமிழிலும் சிங்களத்திலும். எந்த மலை, எத்தனை கூடு, எந்தத் திகதியில் எத்தனை பேரைக் கொட்டியது, என்ன கேட்கிறோம் என்பது மட்டும்தான் அதில் இருந்தது. கூட்டை அகற்ற வேண்டும், அதுவரை வேறு மலையில் வேலை தர வேண்டும், கொட்டுப்பட்டவரைக் கொண்டுபோக வாகனம் தர வேண்டும் என்ற மூன்றே கோரிக்கைகள். கொட்டியது நாலு பேரை. “பத்து என்று போடுங்கள், அப்போதுதான் பயப்படுவான்” என்று ஒருவர் சொன்னார். நாங்கள் நாலு என்றே போட்டோம். ஒரு பொய் பிடிபட்டால் மற்ற ஒன்பது உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

கடிதம் நிர்வாகத்துக்குப் போனது. பிரதிகள் தொழில் திணைக்கள அலுவலகத்துக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் டவுன் வர்த்தகர் சங்கத்துக்கும் கிராமத்து மரணாதாரச் சங்கத்துக்கும் போயின. அந்த மலைக்குத் தாங்களும் இறங்க மாட்டோம் என்று கிராமத்துப் பெண்கள் சொல்லிவிட்டார்கள். ஐந்தாம் நாள் கூடுகளை அகற்றினார்கள். அதுவரை வேறு மலையில் வேலை தந்தார்கள். ஒருவருக்கும் பேர் போகவில்லை. இரண்டு தடவையும் அதே குளவி, அதே கோரிக்கை. இடையில் மாறியது உறவு மட்டும்தான்.

இது நாங்கள் கண்டுபிடித்த புதுப் பாடமல்ல. வெளியாட்கள் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாத காலத்தில் கோ. நடேசய்யர் புடைவை வியாபாரி போல உள்ளே போய் நம் முன்னோர்களின் நிலைமையைக் கண்ணால் பார்த்தார். பிறகு பத்திரிகை நடத்தினார், துண்டுப்பிரசுரம் போட்டார், 1931இல் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சம்மேளனம் அமைத்தார். அவர் மனைவி மீனாட்சி அம்மாள் கூட்டங்களில் பாடினார். எழுத்து வாசிக்கத் தெரியாதவருக்கும் பாட்டு விளங்கும் அல்லவா? முதலில் பார்த்தார்கள், கேட்டார்கள். அதன் பிறகுதான் பேசினார்கள்.

நம் காலத்திலும் உண்டு. 2018 ஒக்டோபர் 24ஆம் திகதி ஆயிரக்கணக்கான மலையக இளைஞர்கள் கறுப்பு உடை அணிந்து கொழும்பு காலிமுகத்திடலில் கூடி ஆயிரம் ரூபா கேட்டார்கள். அதுவரை நம் சம்பளம் என்பது நமக்கும் கம்பனிக்கும் இடையிலான கதையாக இருந்தது. அன்று அது நாட்டின் கதையானது. 2023இல், நாம் இந்த நாட்டுக்கு வந்து 200 வருடமானதை நினைவுகூர்ந்து, நம் முன்னோர்கள் நடந்த வழியில் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தார்கள். வழியில் சிங்களவரும் முஸ்லிம்களும் வடக்குத் தமிழரும் சேர்ந்து நடந்தார்கள். நம் கதையை நாமே போய்ச் சொன்னால் கேட்பதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

இனி, நம் வீட்டுக்குள்ளும் கொஞ்சம் பார்ப்போம். 2015இல் ஆயிரம் ரூபா கேட்கத் தொடங்கினோம். 2019 கூட்டு ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் 700 ரூபாவில் நின்றது. கடைசியில் 2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை மூலம் 900 ரூபாவும் 100 ரூபா கொடுப்பனவுமாக ஆயிரம் வந்தது. ஆறு வருடம். அந்த ஆறு வருடத்தில் எத்தனை தீபாவளிக்கு ‘வருகிறது, வருகிறது’ என்று நம் தொழிற்சங்கங்கள் மேடையில் சொல்லின? கம்பனி இழுத்தடித்தது ஒரு பக்கம். நிறைவேறாத சொல்லைச் சொல்லி நம் ஆட்களின் நம்பிக்கையைக் கரைத்தது நாம்தான். ‘சந்தா சேர்க்கவும் ஓட்டுக் கேட்கவும்தான் வருவீங்க’ என்று லயத்தில் ஒரு பாட்டி சொன்னால் கோபப்படாதீர்கள். நமக்குக் கிடைத்த மார்க் அது.

பேச்சுவார்த்தையில் ‘இல்லை’ என்று சொன்னால், அந்த ‘இல்லை’யையும் அன்றைக்கே கொண்டுபோய்ச் சொல்லுங்கள். ஏன் இல்லை, அடுத்தது என்ன என்று சொல்லுங்கள். கெட்ட செய்தியையும் நேரத்துக்குச் சொல்கிற தலைவரை ஆட்கள் விட மாட்டார்கள்.

நிர்வாகத்தோடும் உறவு வேண்டுமா? வேண்டும். ஆனால் ஆபீசுக்குள் தனியாகப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவது உறவல்ல. இரண்டு பேராகப் போங்கள், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். பேசியதை எழுதி வாருங்கள், வந்து மடுவத்தில் வாசித்துக் காட்டுங்கள். சண்டை வந்தாலும் மரியாதையாகப் பேசுங்கள். மரியாதை கொடுப்பதால் கோரிக்கை சின்னதாகிவிடாது.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. கையில் போன் இருக்கிறது. நல்லது. ஆனால் உறுதி செய்யாத படத்தை, யாரோ அனுப்பிய குரல் பதிவை, நம் சங்கத்தின் பேரில் அனுப்பாதீர்கள். கொட்டுப்பட்ட பெண்ணின் முகத்தை அவரைக் கேட்காமல் போடாதீர்கள்.

கடைசியாக, ஒரு வீட்டுப்பாடம். டீச்சர் என்றால் வீட்டுப்பாடம் இல்லாமல் விட மாட்டோம். ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் ஒரு கொப்பி வாங்குங்கள். அதில் நமக்குப் பக்கத்தில் இருக்கிற பத்துப் பேரை எழுதுங்கள். கிராமத்துச் சங்கத் தலைவர், குடும்பநல உத்தியோகத்தர், கிராம சேவகர், பாடசாலை அதிபர், கடைக்காரர், முச்சக்கரவண்டிக்காரர் என்று யாராகவும் இருக்கலாம். அடுத்த மாதம் பத்தாம் திகதி சம்பளத்துக்கு முன், அதில் மூன்று பேரையாவது நேரில் போய்ப் பாருங்கள். ஒன்றும் கேட்காதீர்கள். சுகம் விசாரியுங்கள், நம் தோட்டத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள், அவர்களுக்கு நம்மீது என்ன குறை என்று கேளுங்கள். கேட்டதை எழுதிக்கொண்டு அடுத்த வகுப்புக்கு வாருங்கள்.

அந்த மலையில் குளவி மறுபடியும் வரும். வருமுன் அந்தப் பத்து வீட்டுக்கும் வழி தெரிந்திருக்கட்டும்.