நாணயம் என்பது நம்ம பேருதான்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



சின்ன வயசுப் பொண்ணுங்க கடன் வாங்கறதைப் பத்திப் பேசுன்னு தலைவி அம்மா சொன்னாங்க. நான் படிச்சது பன்னிரண்டாவது. செய்யறது தையல். எனக்குத் தெரிஞ்சது என் கதைதான். அதில் ஒரு தப்பும் இருக்கு. அதையும் மறைக்காம சொல்றேன்.

2018-ல் எனக்கு 21 வயசு. பவர் மெஷின் ஒண்ணு வாங்கணும்னு ஆசை. செஞ்சி டவுன்ல ஒரு பேங்குக்குப் போனேன். அங்கிருந்த சார் கம்ப்யூட்டரைப் பார்த்துட்டு, "உங்க பேர்ல ஒண்ணுமே இல்லையேம்மா"ன்னார். எனக்குச் சந்தோஷம். "ஆமாங்க சார், நான் யாருகிட்டயும் கடன் வாங்கினதே இல்லை"ன்னேன். அவர் சிரிச்சார். "அதாம்மா பிரச்சினை"ன்னார். கடனே வாங்காதவளுக்குக் கடன் இல்லையாம். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டுல உட்கார்ந்து அழுதேன்.

எங்க ஆயா மல்லாட்டை களை எடுக்கப் போனவங்க. மளிகைக் கடையில அவங்க பேருக்கு எப்பவும் சாமான் குடுப்பாங்க. "அவ நாணயமானவ"ன்னு கடைக்காரர் சொல்வார். காசுக்கும் நாணயம்னுதான் பேரு, சொன்ன சொல்லைக் காப்பாத்தறதுக்கும் நாணயம்னுதான் பேரு. ஆனா ஆயாவோட நாணயம் எங்க தெருவோட சரி. டவுன்ல இருக்கிற பேங்குக்கு அது தெரியாது. அதுக்குத் தெரிஞ்சது சிபில்.

சிபில்னா பயப்படாதீங்க. அதுவும் ஒரு கணக்கு நோட்டுதான். 2000-ல் தொடங்கின கம்பெனி. இப்போ அது மாதிரி நாலு கம்பெனி ரிசர்வ் வங்கி அனுமதியோட நடக்குது. நாம எங்கே கடன் வாங்கினோம், தவணையைத் தேதிக்குக் கட்டினோமான்னு பேங்கும் பைனான்ஸ் கம்பெனியும் அவங்களுக்கு எழுதி அனுப்பும். அதை வெச்சு 300-லிருந்து 900 வரைக்கும் மதிப்பெண் போடுவாங்க. 750-க்கு மேல இருந்தா நல்லதுன்னு பேங்குல சொல்வாங்க. என் நோட்டுல அன்னைக்கு முதல் பக்கமே வெள்ளையா இருந்துச்சு.

அந்தப் பக்கத்தை நிரப்பினது நம்ம குழு. அம்மாவோட பக்கத்துத் தெருக் குழுவுல சேர்ந்தேன். மாசம் 200 ரூபாய் சேமிப்பு. ஆறு மாசம் கழிச்சு 5,000 ரூபாய் உள்கடன், நூத்துக்கு ஒரு ரூபாய் வட்டி. பத்து மாசத்துல கட்டினேன். அப்புறம் குழுவுக்கு வங்கிக் கடன் வந்தப்போ என் பங்கு 25,000. மெஷின் வந்துச்சு.

வயசுல மூத்த அக்காமார்களுக்கு இது தெரியும். 1989-ல் தர்மபுரியில பெண்கள் குழு ஆரம்பிச்சப்பவும், 1992-ல் நபார்டு வங்கி 500 குழுக்களை பேங்கோட இணைச்சுப் பார்த்தப்பவும், அந்தப் பெண்கள்கிட்ட அடமானம் வைக்க ஒண்ணும் இல்லை. கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிக் கட்டறது, கணக்கு எழுதறது, இந்த அஞ்சும் ஒழுங்கா நடந்துச்சுன்னு தீர்மான நோட்டு சொல்லிச்சு. அதை நம்பித்தான் பேங்கு குடுத்துச்சு. இன்னைக்கும் குழுவுக்கு 10 லட்சம் வரைக்கும் அடமானம் கேக்கக் கூடாது. 2016-லிருந்து குழுக் கடன்ல ஒவ்வொரு உறுப்பினரோட விவரத்தையும் தனித்தனியா அந்தக் கம்பெனிகளுக்கு அனுப்பணும்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. அதனால குழுவுல வாங்கறது நம்ம சொந்த நோட்டுலயும் ஏறும்.

இப்போ என் தப்புக்கு வர்றேன்.

2021-ல் எங்க சித்தி வந்தாங்க. "உன் பேர்ல ஒரு லோன் எடுத்துக் குடுடி, மாடு வாங்கணும், தவணை நான் கட்டறேன்"ன்னாங்க. சின்ன வயசுல எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டவங்க. எப்படி முடியாதுன்னு சொல்றது? ஒரு மைக்ரோ பைனான்ஸ்ல 30,000 வாங்கிக் குடுத்தேன். கொஞ்ச மாசம் ஒழுங்கா கட்டினாங்க. அப்புறம் மாடு செத்துப் போச்சு. தவணையும் நின்னு போச்சு. என்கிட்ட சொல்லச் சங்கடப்பட்டு, சித்தி எங்க வீட்டுப் பக்கமே வரலை.

2023-ல் ரெண்டாவது மெஷினுக்கு முத்ரா கடன் கேட்டுப் போனப்போதான் தெரிஞ்சுது, என் மதிப்பெண் 560. வெள்ளைப் பக்கமா இருந்தப்போ வந்த அழுகைகூட இப்போ வரலை. ஏன்னா எழுதியிருந்தது பொய் இல்லை. கையெழுத்து என்னோடது.

வசூலுக்கு வந்த தம்பி சொன்னார்: "பாக்கி 19,000 இருக்கு. 9,500 கட்டுங்க, செட்டில்மென்ட் பண்ணி முடிச்சுடலாம்." எனக்கு அது வரம் மாதிரி இருந்துச்சு. தையல் காசு 9,500 கையில இருந்துச்சு. அன்னைக்கு ராத்திரி எங்க குழு கணக்காளர் அக்காகிட்ட சொன்னேன். அவங்க சொன்னாங்க: "பாதி கட்டினா 'செட்டில்டு'ன்னு எழுதுவாங்க. முழுசாக் கட்டலைன்னு அர்த்தம். முழுசாக் கட்டினாத்தான் 'குளோஸ்டு'. ரெண்டும் ஒண்ணு இல்லைடி."

யாரோ வாங்கின மாட்டுக்கு நான் எதுக்கு முழுசாக் கட்டணும்னு ரெண்டு நாள் மனசு அடிச்சுக்கிச்சு. கடைசியில மாசம் 1,900-ன்னு பத்து மாசம் கட்டினேன். அந்த வருஷ தீபாவளிக்குப் பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கலை, மிச்சத் துணியிலதான் தெச்சேன். கட்டி முடிச்சதும் நிலுவை இல்லைச் சான்றிதழ் வாங்கினேன். அப்படியும் ரெண்டு மாசம் கழிச்சு ரிப்போர்ட் எடுத்தா, பாக்கி இருக்குன்னே காட்டுச்சு. சான்றிதழை வெச்சுப் புகார் குடுத்தேன். 30 நாளுக்குள்ள சரி பண்ணணும், தாண்டினா நாளுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தரணும்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. என்னோடது 30 நாளுக்குள்ளயே சரியாச்சு.

கட்டாத தவணை எல்லாம் ரிப்போர்ட்ல உடனே அழியாது. கடைசி 36 மாசக் கணக்கு அதில் தெரியும். காத்திருந்தேன், குழுத் தவணையை ஒரு நாள்கூட தள்ளாம கட்டினேன். 2025 கடைசியில முத்ராவுல 50,000 கிடைச்சுது.

தங்கச்சிங்களுக்கு நாலு விஷயம் சொல்லிட்டு முடிக்கிறேன்.

முதல்ல, வெள்ளைப் பக்கம் அவமானம் இல்லை. முதல்முறை கடன் கேக்கறவங்களை, பழைய கணக்கு இல்லைங்கிற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கு. 2025-ல் நாடாளுமன்றத்துலயும் அதைச் சொன்னாங்க. இதைத் தெரிஞ்சு வெச்சுக்கிட்டுப் பேங்குக்குப் போங்க.

ரெண்டாவது, கம்மலை அடகுக் கடையில வெச்சு எவ்வளவு ஒழுங்கா மீட்டாலும் அது எந்த நோட்டுலயும் ஏறாது. பேங்குல வெச்சு மீட்டா ஏறும்.

மூணாவது, வருஷத்துக்கு ஒரு தடவை அந்த நாலு கம்பெனியும் முழு ரிப்போர்ட்டை இலவசமாத் தரணும். நம்ம ரிப்போர்ட்டை நாமே பார்த்தா மதிப்பெண் குறையாது. ஒரே நேரத்துல நாலு இடத்துல லோன் கேட்டு அலைஞ்சாத்தான் குறையும். போன் ஆப்ல வர்ற லோனுக்கும் அவசரப்பட்டு விரலை வைக்காதீங்க.

நாலாவது, உங்க கையெழுத்தை யாருக்கும் இரவல் குடுக்காதீங்க. உதவணும்னா கையில இருக்கிற காசைக் குடுங்க, இல்லைன்னா அவங்களையும் குழுவுல சேர்த்துவிடுங்க. சித்தி பாதிப் பணம் திருப்பிக் குடுத்துட்டாங்க. மீதியை நான் கேக்கறதில்லை. ஆனா இப்போ எங்க வீட்டுக்கு வர்றாங்க. என் பேர்ல லோன் கேட்டா மட்டும் "முடியாது சித்தி"ன்னு சொல்லப் பழகிட்டேன். அன்னைக்கே சொல்லியிருந்தா ரெண்டு வருஷம் நாங்க முகம் பார்க்காம இருந்திருக்க வேண்டாம்.

2025 ஜூலையில நம்ம செஞ்சிக் கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமா அறிவிச்சாங்க. பார்க்க வர்றவங்களுக்கு விக்கலாம்னு ரெண்டாவது மெஷின்ல துணிப்பை தைக்கறேன். ராஜகிரி மேல ஏறினவங்களுக்குத் தெரியும், பாதிப் படியில உட்கார்ந்து மூச்சு வாங்கலாம், தப்பில்லை. கீழே சறுக்கினாலும் எழுந்து மறுபடி ஏறலாம். நான் அப்படித்தான் ஏறிக்கிட்டு இருக்கேன்.