நான்கு எழுத்துகள்



சிறுவனாக இருந்தபோது வகுப்பில் ஆங்கிலப் பாடம் படித்தேன். 'ஆயினும்' என்னும் பொருளுடைய 'தோ' என்ற சொல்லை அறிந்திருந்த துணிவில், இருமலைக் குறிக்கும் 'காஃப்' என்பதைக் 'கோ' என்று உரக்கப் படித்துவிட்டேன். வகுப்பே சிரித்தது. "இவர்களுக்கெல்லாம் இங்கிலீஷ் எதற்கு?" என்றார் ஆசிரியர். 'இவர்கள்' யாரென்று இந்த அவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

இரு சொற்களின் இறுதியிலும் ஓ, யூ, ஜி, எச் என்னும் அதே நான்கு எழுத்துகள்தாம். மயிலாப்பூர் லஸ் நடைபாதையில் வாங்கிய பழைய அகராதியில் அவை சேர்ந்துவரும் சொற்களைத் தேடினேன். அகராதியோ முதலெழுத்து வரிசை. இடையிலும் கடையிலும் வருவதைக் காணப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருந்தது. ஊடாக என்பதற்குத் 'த்ரூ', மரக்கிளைக்குப் 'பௌ', எண்ணத்திற்குத் 'தாட்'! எழுத்து ஒன்றே, ஒலியோ வேறு வேறு. பிழை என் நாவினது அன்று என்று அன்றே தெளிந்தேன்.

முற்காலத்து ஆங்கிலேயர் ஜி, எச் இரண்டையும் தொண்டையிலிருந்து ஒலித்தனர். பின்னர் அவ்வொலி சிலவற்றில் மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆயிற்று. 1476இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சகம் நிறுவியபின் எழுத்துமுறை மெல்ல மெல்ல உறைந்துவிட்டது.

இளைஞர்களே, ஒலிக்கு ஒரு பக்கமாகக் குறிப்பேட்டில் எழுதுங்கள். 'ரஃப்', 'டஃப்', 'இனஃப்' ஒரு பக்கம். 'பாட்', 'பிராட்', 'தாட்' மறுபக்கம். என் அகராதியை நம் சங்க நூலகத்திற்குத் தந்திருக்கிறேன். அட்டை கழன்றிருக்கிறது; பார்த்து எடுங்கள்.