நாடற்ற காதலரும் சித்திரத் தூரிகையும்

குன்னூரில் கூடியிருக்கும் தேயிலைத் தோட்டத் தோழர்களுக்கு, நாடற்றுத் திரிவது என்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் 1948-ல் வந்த சட்டம் லக்ஷக்கணக்கான தோட்டத் தமிழரின் பிரஜா உரிமையைப் பறித்ததும், 1964-ம் வருஷத்து ஒப்பந்தப்படி கப்பலேறி வந்தவர்கள் கூடலூரிலும் கோத்தகிரியிலும் மறுபடியும் கொழுந்து பறித்ததும் உங்களில் பலருடைய வீட்டுக் கதையேயாகும். அப்படி அலைந்த ஒரு தம்பதியரைப் பற்றி இன்று இரண்டொரு வார்த்தை சொல்லுகிறோம்.

ஆடவர் 1887-ல் சென்னையில் பிறந்த எம். பி. டி. ஆச்சாரியா. பாரதியாரோடு "இந்தியா" பத்திரிகையில் உழைத்தவர். வெள்ளைக்கார சர்க்காரின் கெடுபிடியால் 1908-ல் நாட்டை விட்டகன்றார். 1920-ல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்டுக் கட்சியை அமைத்தவர்களில் ஒருவராயிருந்தும், எம். என். ராயோடு மாறுபட்டதால் அடுத்த வருஷமே விலக்கப்பட்டார். பெண்மணி, 1889-ல் பீட்டர்ஸ்பர்க்கில் பிறந்த சித்திரக்காரர் மக்டா நக்மன்.

மாஸ்கோவில் இருவரும் மணந்தனர். வைணவப் பார்ப்பனக் குடும்பத்து ஆணும், யூதத் தகப்பனுக்குப் பிறந்த ருஷியப் பெண்ணும் சேர்ந்து வாழ எந்த ஜாதியும் மதமும் தடுக்க முடியவில்லை. அவர்கள் பார்த்த பொருத்தம் மனப்பொருத்தம் ஒன்றேயாகும்.

1922-ல் பெர்லினுக்குப் போனார்கள். கணவரின் பேனாவால் வந்தது சொற்பம். மனைவியின் தூரிகையும் சேர்ந்தே அடுப்பு எரிந்தது. 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தான். யூத இரத்தம் என்பதே குற்றமாகிவிட்ட நாட்டில், கறுப்புக் கணவருக்கும் இடமேது? 1934-ல் பெர்லினை விட்டுக் கிளம்பி, முடிவில் பம்பாய் சேர்ந்தனர். அங்கும் மக்டா சித்திரம் எழுதியே பிழைத்தார். 1951 பிப்ரவரி 12-ந் தேதி, தம் சித்திரக் கண்காட்சி திறக்கப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு இறந்துபோனார். வறுமையில் வாடிய ஆச்சாரியா 1954-ல் மறைந்தார்.

தோழர்களே! இதிலிருந்து நாம் அறிய வேண்டியதென்ன? வீட்டையும் பாஸ்போர்ட்டையும் சர்க்கார் பறிக்கலாம். கைக்குள் இருக்கும் வித்தையை எந்த ஹிட்லராலும் பறிக்க முடியாது. அந்த வித்தைதான் மக்டாவைப் பிறர் கையை ஏந்தாமல் காத்தது. ஆகவே உங்கள் பெண்களுக்கு நகை பூட்டுவதற்கு முன் ஒரு வித்தையைக் கற்றுக் கொடுங்கள்.

ஆனால் ஒன்றை மறக்காதீர்கள். தூரிகை அவர்களுக்கு நிழல் தந்ததேயொழிய வெயிலை நிறுத்தவில்லை. அடக்குமுறையை ஒழிப்பது சித்திரத்தின் வேலையல்ல. அது நம்முடைய வேலை.