மகப்பேறும் மாதர் மனநலமும்

(திண்டிவனத்தில் கூடிய நம் சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



இலக்கியப் பொருளொன்று பற்றிப் பேசுமாறு நம் செயலாளர் எம்மைப் பணித்திருந்தார். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ, பிள்ளை பெற்ற தாயின் மனநலம் என்பது. தமிழ் கற்பிப்போனுக்கு மருத்துவத்தில் யாது வேலை என்று இங்குள்ளோர் சிலர் ஒருவரையொருவர் நோக்குவது எமக்குத் தெரிகின்றது. பொறுத்தருள்க. இப்பொருளின் வாயில் எமக்கு இலக்கணத்திலேதான் திறந்தது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களை வகுத்துரைத்தார். பிறரால் எளியளாக்கப்படுதல் இளிவு. உயிரையேனும் பொருளையேனும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை திரிந்து வேறொரு நிலை எய்தி வருந்துதல் அசைவு. துய்க்கவேண்டுவனவற்றைத் துய்க்கப்பெறாமை வறுமை. இந்நான்கனுள் மூன்றை எவரும் எளிதில் உணர்வர். அசைவு என்பதனை மாணாக்கர்க்கு விளக்கும்போதெல்லாம் யாம் சிறிது இடர்ப்படுவது உண்டு. பிள்ளை பெற்ற இளம்பெண்ணொருத்தியை நினைத்துக்கொள்ளுங்கள் என்று இப்போது சொல்லுகின்றோம். நேற்றுவரை மகளாயிருந்தவள் இன்று தாய். உடல் பழைய உடலன்று. உறக்கம் பழைய உறக்கமன்று. அவளை வினவ வருவோரும் அவளை வினவாது குழந்தையை வினவிச் செல்கின்றனர். நல்வரவே ஆயினும் நிலைதிரிவு நிலைதிரிவே அன்றோ?

இனி வேலூரில் நிகழ்ந்த ஓர் ஆராய்ச்சியைக் கேளுங்கள். அவ்வூர்க் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர், பழைய வடார்க்காட்டைச் சேர்ந்த கணியம்பாடி வட்டாரத்துச் சிற்றூர்களிலே, நிறைமாதத்தை அணுகிய 359 கருவுற்ற மாதரைக் கண்டு பேசினர். பிள்ளை பிறந்து 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் கண்டு பேசினர். 2002ஆம் ஆண்டு வெளியான அவர்தம் கட்டுரையிற் கண்டது, நூற்றுக்குப் பதினொரு தாய்மார் மகப்பேற்றுக்குப் பின்னரே புதிதாக மனச்சோர்வு நோய்க்கு ஆளாயினர் என்பது. எவ்வெக் காரணங்கள் அந்நோயோடு சேர்ந்து நின்றன என்றும் அவர்கள் ஆராய்ந்தனர். குறைந்த வருவாய், ஆண்மகவை எதிர்நோக்கிய வீட்டிற் பெண்மகவு பிறந்தமை, மாமியாரோடும் பெற்றோரோடும் பிணக்கு, கருவுற்ற காலத்து நேர்ந்த துன்ப நிகழ்ச்சிகள், கைவேலைக்கு உதவுவார் இன்மை. இவற்றைத் தொல்காப்பியர் கூறிய நான்கனோடும் சேர்த்து வைத்துப் பாருங்கள். வறுமையும் இழவும் வெளிப்படை. பெண் பெற்றாள் என்று முகஞ்சுளித்தல் இளிவின்றி வேறு யாது? அவ்வாராய்ச்சியாளர் தொல்காப்பியம் கற்றனரோ இல்லையோ யாம் அறியோம். நெஞ்சம் இரண்டாயிரம் ஆண்டுகளில் பெரிதும் மாறிவிடவில்லை என்பதை மட்டும் அறிகின்றோம்.

அந்நூற்றுக்குப் பதினொன்று ஒரு வட்டாரத்துப் புதுநோயாளர் கணக்கு. இந்திய நாடெங்கும் நிகழ்ந்த 38 ஆராய்ச்சிகளை, ஏறத்தாழ இருபதினாயிரம் தாய்மாரின் கணக்கை, ஒருங்குசேர்த்து ஆராய்ந்த கட்டுரையொன்று உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017இல் வெளிவந்தது. அதன்படி பிள்ளை பெற்றாருள் நூற்றுக்கு இருபத்திருவர்க்கு இச்சோர்வு உண்டு. இம்மண்டபத்தில் மழலைகளை மடியில் வைத்திருக்கும் தாய்மாரை யாம் எண்ணிப் பார்க்கப்போவதில்லை, நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

நோய் என்று பொதுப்படச் சொன்னோம். அதனுள் வேறுபாடு உண்டு. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள், நான்காம் நாள் அளவில் காரணமின்றிக் கண்ணீர் பெருகுதலும், சிறு சொல்லுக்குச் சினத்தலும் பெரும்பாலான தாய்மார்க்கு உண்டு. கருவைக் காத்து நின்ற சுரப்புநீர்கள் பிள்ளைப்பேற்றோடு திடீரென்று தாழ்தலும், இரத்தக்குறைவும், உறக்கமின்மையும் இதற்குத் துணைசெய்வன. இரண்டு வாரத்தில் இது தானே தணிந்துவிடும். அன்பும் ஓய்வும் போதும். இரண்டு வாரம் கடந்தும் சோர்வு நீங்காது, உணவு வெறுத்து, குழந்தை உறங்கும்போதும் தனக்கு உறக்கம் வாராது, யான் தாயாதற்குத் தகுதியற்றவள் என்னும் எண்ணம் இடைவிடாது அரிக்குமாயின் அதுவே மனச்சோர்வு நோய். ஓராண்டிற்குள் எப்பொழுதும் இது தலைகாட்டலாம். மூன்றாவதொன்றுண்டு. ஆயிரம் பேறுகளில் ஒன்று அல்லது இரண்டில், பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களிலேயே, தாய்க்குச் சித்தம் கலங்கிவிடுகின்றது. இரவெல்லாம் விழித்திருந்தும் களைப்பறியாள்; இல்லாத குரல் கேட்கின்றது என்பாள்; இது என் பிள்ளையன்று, மாற்றிவிட்டனர் என்பாள். இந்நிலையில் தாயையும் சேயையும் ஒரு நாழிகையும் தனித்திருக்க விடலாகாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோதல் வேண்டும். நாளை அமாவாசை கழியட்டும் என்றிருத்தல் கூடாது.

அமாவாசை என்றவுடன் சிலர் மேல்மலையனூரை நினைந்திருப்பீர்கள். அங்காளம்மன் திருமுன் ஊஞ்சல் உற்சவத்தன்று கூடும் மக்கள் வெள்ளத்தை யாமும் கண்டு கைகூப்பியுள்ளோம். அம்மனிடம் முறையிடுவோர்க்கு ஆறுதல் உண்டு என்பதை மறுக்க யாம் வந்தோமல்லோம். அம்மனைத் தொழுதபின் முண்டியம்பாக்கத்துக்கும் செல்லுங்கள் என்றே சொல்லுகின்றோம். தெய்வத்தின் பெயரால் பேயோட்டுவோன் கையிற் பிரம்பையும், காலிற் சங்கிலியையும் பெற்ற உடம்பு தாங்கவேண்டுவதில்லை. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் வெந்து மாண்டனர். தப்பியோடக் கால் இருந்தும் ஓட இயலாமற் போயிற்று. சங்கிலி எம்மதத்தார் இடத்திற் கிடந்தாலும் சங்கிலியே.

இனி நம் பக்கத்து வாழ்க்கையைப் பார்ப்போம். முதற்பேற்றுக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்தல் நம் முன்னோர் வகுத்த நல்ல வழக்கம். காயமருந்தும் பத்தியமும் வெந்நீருமாக மூன்று மாதமோ ஐந்து மாதமோ அவள் கையில் வேலை விழாமற் காப்பர். அவ்வழக்கம் இரண்டாம் பேற்றுக்கு இல்லை. மூன்றாவதற்குக் கேட்கவே வேண்டா. விழுப்புரம் சந்திப்பில் விடியற்காலை வண்டியேறிச் சென்னைக்குக் கட்டட வேலைக்குச் செல்லும் கணவர் எத்தனை பேர்! வாரத்துக்கு ஒருமுறை, மாதத்துக்கு ஒருமுறை வீடு திரும்புவர். மணிலா பிடுங்கும் நாளில் மாமியாரும் கழனிக்குச் சென்றுவிடுவார். வீட்டில் இருப்பவர் யார்? கைக்குழந்தையும், இடுப்புக்குழந்தையும், அவளும். கூட்டுக்குடும்பம் என்று பெருமை பேசுகின்றோம். பகற்பொழுதில் அக்கூட்டம் எங்கே என்று கேட்பாரில்லை.

எம் வகுப்பிலே ஒன்பது வயதுச் சிறுமியொருத்தி பதினைந்து நாள் வரவில்லை. ஏனென்று வினவச் சென்றோம். அச்சிறுமி திண்ணையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டு சங்கினால் பால் புகட்டிக்கொண்டிருந்தாள். அம்மா எங்கே என்றதற்கு, "அம்மா எழுந்திருக்கவில்லை ஐயா" என்றாள். இன்று எழுந்திருக்கவில்லையா என்றோம். "தம்பி பிறந்ததிலிருந்து" என்றாள். அயலவர், சோம்பேறி என்றனர். மாமியார், திமிர் என்றார். கணவர் தலைகுனிந்து நின்றார். ஆண்பிள்ளை பெற்ற வீடு அது. ஆகவே பெண் பெற்றமையால் வரும் இளிவு ஒன்றே காரணமென்று எவரும் துணிதல் வேண்டா. அத்தாய்க்கு மூன்று மாத மருத்துவத்திற்குப்பின் முகம் தெளிந்தது. சிறுமி பள்ளிக்கு மீண்டாள். வாய்பாட்டில் மட்டும் இன்னும் பின்தங்கியுள்ளாள்.

மருந்துண்டால் பாலிற் கலந்து பிள்ளைக்குத் தீங்காகுமே என்பது தாய்மார் பலரும் கேட்கும் கேள்வி. பால் கொடுக்கும் தாய்க்கென்றே தேர்ந்தெடுத்துத் தரும் மருந்துகள் உள. செர்ட்ராலின் போன்றவை பாலிற் புகும் அளவு மிகச் சிறிது. எது, எவ்வளவு என்பதை மருத்துவர் தீர்மானிப்பார்; நாமாக வாங்கவும் கூடாது, நாமாக நிறுத்தவும் கூடாது. மருந்தின்றிப் பேச்சினாலேயே தணியும் சோர்வும் உண்டு. நோயைக் கண்டறியும் வழியும் கடினமன்று. எடின்பரோ நகரின் பெயரால் வழங்கும் பத்து வினாக்கள் கொண்ட தாளொன்று 1987இல் வெளியாயிற்று. கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, வீணே தன்னைத்தான் நொந்துகொண்டாளா, அச்சம் வந்ததா என்றவாறு வினவி, ஒவ்வொன்றுக்கும் சுழி முதல் மூன்று வரை எண்ணிடுவர். அதனைத் தமிழிலும் ஆக்கி, நம் மாதரிடம் பொருந்துமா என்று சோதித்துள்ளனர். எழுத்தறியாத தாய்க்குக் கிராம சுகாதாரச் செவிலியே படித்துக் கேட்கலாம். தடுப்பூசி போட வருகின்ற அன்றே கேட்டால் ஐந்து நிமிடத்துக்குமேல் ஆகாது.

எங்கே செல்வது? விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி 2010 முதல் நடைபெறுகின்றது; அங்கே மனநலப் பிரிவு உண்டு, கட்டணம் இல்லை. புதுச்சேரி ஜிப்மரும் நமக்குத் தொலைவன்று. வீட்டைவிட்டு வெளியேற இயலாதவர் 14416 என்னும் எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் தொலைபேசியிற் பேசலாம். 2022 அக்டோபரில் தொடங்கிய இவ்வுதவி தமிழிலும் கிடைக்கின்றது. தாயையும் சேயையும் ஒருங்கே வைத்துப் பேணும் மனநலப் பிரிவொன்று பெங்களூர் நிம்ஹான்சில் 2009இல் ஏற்பட்டது. நம் நாட்டில் அதுவே முதல். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டமும், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையை மருத்துவம் பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்று விதித்துள்ளது. குழந்தைக்குத் தீங்கு நேரும் என்னும் அச்சம் இருந்தால் மட்டுமே சிறிது காலம் விலக்கி வைப்பர்.

யாம் இங்கு வந்தமைக்கு முதற்காரணத்தை இனிச் சொல்லுகின்றோம். நம் சங்கத்துப் பெரியோரிடம் குடும்ப வழக்குகள் வருவதை யாவரும் அறிவீர். அவற்றுள், "பெண்ணுக்குப் புத்தி சரியில்லை, மறைத்துக் கட்டிவைத்துவிட்டனர், அழைத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்" என்று வருவனவும் உள. கைக்குழந்தை எத்தனை மாதம் என்று கேட்டால் நான்கு என்பர், ஆறு என்பர். பிள்ளைப்பேற்றுக்கு முன் அவளிடம் ஏதேனும் குறை கண்டீர்களா என்றால் விடையில்லை. பேற்றினால் வந்த நோயைப் பிறவியில் வந்த நோய் என்று கூறி, அந்தப் பேற்றின் பயனாகிய பிள்ளையைத் தாம் வைத்துக்கொண்டு தாயை அனுப்புவதற்கு நம் மண்டபத்துப் பாய் விரிக்கப்படுகின்றது. இதை யாம் கடுமையாகவே சொல்லுகின்றோம்; முதியோர் பொறுக்க. மனநோய் இருந்தது என்பது ஒன்றே திருமணத்தை அறுக்கப் போதாது, அதன் தன்மையும் அளவும் நோக்கப்படல் வேண்டும் என்று 1988லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. நீதிமன்றம் தயங்குமிடத்தில் நாம் ஒரு பிற்பகலில் முடிவு கூறலாமா?

அப்படியாயின் பித்துக்கொண்டவளோடு வாழ்நாளெல்லாம் கிடக்கவேண்டுமோ என்று ஓர் அன்பர் எம்மிடம் நேற்றே கேட்டார். கேள்வி நேர்மையானது. பேற்றுக்குப் பின் வரும் இந்நோய், விரைந்து மருத்துவம் செய்தால் பெரும்பாலும் நன்கு தணியக்கூடியது. அடுத்த பேற்றில் மீண்டும் வரக்கூடுமாதலின், கருவுற்ற உடனே மருத்துவரிடம் முந்தைய செய்தியைச் சொல்லுதல் வேண்டும். சொல்லாமல் மறைப்பதற்குக் காரணம் யாது? தங்கைக்கு வரன் வாராது என்னும் அச்சம். அவ்வச்சத்தை உண்டாக்குவோர் வேறெவருமல்லர். பெண் பார்க்கச் செல்லும் நாமே.

ஆகவே செயற்குழுவின் முன் ஒரு தீர்மானத்தை வைக்கின்றோம். பிள்ளை பெற்று ஓராண்டு நிறையாத பெண்ணின் மனநிலையைக் காரணம் காட்டி வரும் பிரிவினை வழக்கு எதையும் நம் சங்கம் கேளாது. முதலில் கணவரே அவளை மருத்துவரிடம் அழைத்துச் செல்லக் கடமைப்பட்டவர். மருத்துவத்திற்குப் பின்னும் ஓராண்டு பொறுத்தல் வேண்டும். மருத்துவச் சீட்டை அவையில் விரித்துப் படித்தலும் கூடாது. அது நோயாளிக்கு உரியது, சட்டமும் அவ்வாறே கூறும். துணைக்கு ஆளில்லாத தாய்மாரை முண்டியம்பாக்கத்துக்கு அழைத்துச் செல்ல மாதர் பகுதியினர் இருவர் முன்வந்துள்ளனர். அவர்தம் பேருந்துச் செலவையும், உணவுச் செலவையும் கல்வி நிதியின் மிச்சத்திலிருந்து கொடுக்கலாம் என்பது எம் கருத்து. பொருளாளர் மறுப்பாராயின் இப்பொழுதே எழுந்து மறுக்கலாம்.

தீர்மானத்தின் எழுத்துப்படியைத் தலைவரிடம் கொடுத்துள்ளோம். ஆடவர் மட்டும் கைதூக்கி முடிவு செய்யாமல், இங்கு வந்துள்ள மருமக்களையும் மாமியாரையும் ஒருங்கே கேட்டு வாக்கெடுக்குமாறு வேண்டி அமர்கின்றோம்.