குறட்டை விட்டால் நல்ல தூக்கமா?

(நமது புணே கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)

தூக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நேரம் ஒதுக்கியிருக்கிறார் செயலாளர். யாராவது கண்ணயர்ந்தால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். குறட்டை கேட்டால் மட்டும் கூட்டம் முடிந்ததும் அவரைப் பிடித்துக்கொள்வேன்.

முப்பது வருஷம் டாக்டராக இருந்தவன் நான். என் வியாதியைக் கண்டுபிடித்தது என் ஆத்துக்காரி. "நீங்க குறட்டை விடறச்சே எனக்குப் பயமில்லே. நடுவிலே சத்தம் நின்னு போறதே, அப்பதான் எழுந்து உக்காந்துக்கறேன்" என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் காதில் வாங்கவில்லை. இரண்டு மாத்திரை சாப்பிட்டும் ரத்த அழுத்தம் இறங்கவில்லை. காலையில் தலைவலி. ராத்திரி நாலு தடவை பாத்ரூம். எல்லாம் வயசு என்று சமாதானம் செய்துகொண்டேன். தூக்கம் போதவில்லையே என்று அல்ப்ரஸோலம் வேறு போட்டுக்கொண்டேன். அது மகா தப்பு.

2014-ல் ஒரு நாள் பேத்தியைப் பள்ளியிலிருந்து காரில் அழைத்து வந்தேன். சிவப்பு விளக்கில் நின்றவன் அப்படியே தூங்கிவிட்டேன். பின்னால் ஒரே ஹார்ன். "தாத்தா, பச்சை வந்துடுத்து" என்று குழந்தை தோளைத் தட்டினாள். வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது கண் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அன்று ராத்திரி மாத்திரை போட்டும் தூக்கம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி படுக்கவைத்து, தலை, மார்பு, விரல் எங்கும் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். மணிக்கு 38 தடவை மூச்சு நின்றோ குறைந்தோ போயிருந்தது. குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் கணக்கில் சேர்ப்பார்கள். 5-க்குள் இருந்தால் கவலையில்லை, 30-ஐத் தாண்டினால் கடுமை. தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை அடைபடுகிறது. ஆக்ஸிஜன் குறைந்ததும் மூளை பதறி எழுப்புகிறது. காலையில் நமக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. தூக்க மாத்திரையும் மதுவும் அந்தத் தசையை இன்னும் தளர்த்தும், மூளை விழிப்பதையும் தாமதப்படுத்தும்.

இதற்கு சீபேப் என்ற கருவி. ஆஸ்திரேலிய டாக்டர் காலின் சல்லிவன் 1981-ல் வெளியிட்ட முறை. சின்ன மோட்டார் ஒன்று மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பிப் பாதையைத் திறந்து வைக்கிறது. முதல் வாரம் நடுராத்திரியில் கழற்றி எறிந்தேன். மூக்கு வறண்டது. "தாத்தா யானை" என்று பேரன் சிரித்தான். பலர் இந்தக் கட்டத்தில்தான் மெஷினைப் பரணில் ஏற்றிவிடுகிறார்கள். மாஸ்க் அளவை மாற்றி, காற்றை ஈரப்படுத்தும் தண்ணீர்ப் பெட்டியையும் வைத்த பிறகு எனக்குப் பழகிவிட்டது. ரத்த அழுத்தத்துக்கு இப்போது ஒரே மாத்திரை. லேசான கோளாறு என்றால் எடை குறைப்பது, ஒருக்களித்துப் படுப்பது, பல் டாக்டர் செய்து தரும் தாடைக் கருவி ஆகியவையே போதுமாயிருக்கலாம்.

படுத்தால் தூக்கமே வராதது வேறு வியாதி. அதற்கும் மாத்திரை முதல் வைத்தியம் அல்ல. தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருப்பது, தூக்கம் வராவிட்டால் புரளாமல் எழுந்து வந்துவிடுவது போன்ற பழக்கப் பயிற்சிதான் முதலில். ராத்திரி கால் குடைகிறது, ஆட்டினால்தான் சுகம் என்கிற மாமிகள் ரத்தத்தில் ஃபெரிட்டின் பாருங்கள். இரும்புச் சத்துக் குறைவாக இருக்கலாம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். குறட்டையைப் பற்றியானால் தம்பதியாக வந்து கேளுங்கள். விடுகிறவருக்கு ஒன்றுமே தெரியாது.