பந்தியும் பள்ளியும்

 

இருபத்தைந்தாம் ஆண்டினை நிறைவு செய்யும் நம் கழகத்தின் வெள்ளி விழாவில், பல நாட்டு மக்களின் உணவுப் பழக்கங்களைப் பற்றி உரையாற்றுமாறு பணித்துள்ளீர்கள். கல்விக்காகக் கூடிய அவையில் சோற்றைப் பற்றிப் பேசலாமா எனச் சிலர் எண்ணக்கூடும். ஒரு சமுதாயத்தின் நிலையை அறிய விரும்புவோர், அம்மக்கள் எந்த வேளையில் உண்கின்றனர், யாருடன் அமர்ந்து உண்கின்றனர் என்னும் இரண்டு வினாக்களைக் கேட்டாலே போதும் என்பது நம் கருத்து. அவ்விரண்டும் கல்வியோடு நெருங்கிய தொடர்புடையவை.

முதலில் வேளையைப் பார்ப்போம். ஸ்பெயின் நாட்டில் பகலுணவு பிற்பகல் இரண்டு மணிக்கு மேல்தான். இரவுணவு ஒன்பது மணிக்கும் பிந்தும். சென்னை அலுவலகங்களில் பணிபுரிந்தோர் ஒருகாலத்தில் காலையிலேயே முழுச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு புறப்பட்டனர். மாலையில் சிற்றுண்டி உண்டனர். தொழிலே உணவு வேளையை வகுக்கிறது. ஆனால் தன் வேளையைத் தானே வகுத்துக்கொள்ளும் உரிமை உழைப்பாளிக்கு என்றும் இருந்ததில்லை. செங்கற்பட்டுச் சீமையின் வயல்களில் உழைத்த நம் முன்னோர் விடியலில் நீராகாரம் பருகிச் சென்றனர். பொழுது ஏறியபின் வரப்போரத்தில் கேழ்வரகுக் கூழ் குடித்தனர். அந்தி சாய்ந்து கூலியாகக் கிடைத்த தானியத்தைக் குத்திப் புடைத்த பிறகே வீட்டில் உலை ஏறிற்று. பின்னர்ப் பல்லாவரம், திரிசூலம் பகுதிகளில் கல்லுடைக்கச் சென்றோர்க்கும், குரோம்பேட்டை, பம்மல் வட்டாரத்தில் தோல் பதனிடச் சென்றோர்க்கும் வேலையின் நேரமே உணவின் நேரம் ஆயிற்று. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார இரயில் ஓடத் தொடங்கியது. அன்றுமுதல் தூக்குச்சட்டியுடன் முதல் வண்டியைப் பிடிப்பது இப்பகுதி மக்களின் வாழ்வாயிற்று. 1984-இல் தாம்பரத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்தபின் முறைப்பணியும் சேர்ந்துகொண்டது. தாய் விடியலில் புறப்பட்டுவிட்டால் பிள்ளையின் காலை உணவு என்னாவது? இக்கேள்வியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, உடன் அமர்வோரைப் பற்றிச் சொல்வோம். எத்தியோப்பியாவில் குடும்பத்தாரும் விருந்தினரும் ஒரே பெருந்தட்டைச் சுற்றி அமர்ந்து உண்பர். அன்பின் அடையாளமாக ஒருவர் மற்றவர்க்குக் கவளம் ஊட்டுவர். அவ்வளவு தொலைவு செல்லவும் வேண்டியதில்லை. நம் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் முஸ்லிம் பெருமக்கள் விருந்துகளில் ‘சகன்’ எனப்படும் பெரிய தட்டைச் சுற்றிச் சிலராக அமர்ந்து உண்கின்றனர். சப்பானில் மாணவர்களே ஒருவர்க்கொருவர் பரிமாறி, ஆசிரியருடன் வகுப்பறையிலேயே உண்டு, தாமே தூய்மை செய்கின்றனர். அதை அந்நாட்டார் பாடத்தின் ஒரு பகுதியாகவே கருதுகின்றனர்.

நம் நாட்டில் என்ன நடந்தது? உணவு மனிதரைக் கூட்டுவதற்கு மாறாகப் பிரிக்கும் வேலியாயிற்று. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் பார்ப்பனச் சிறுவர் சிலர்க்குத் தனியே உணவு அளிக்கப்பட்டது. அதை எதிர்த்துப் பெரியாரும் வரதராசுலு நாயுடுவும் எழுப்பிய கிளர்ச்சி 1920-களில் தமிழகத்தையே உலுக்கிற்று. இரயில் நிலைய உணவகங்களில் பார்ப்பனர்க்கெனத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான் நீங்கிற்று. நம் மக்களுக்கோ தனியிடமும் இல்லை. சிற்றூர்த் தேநீர்க் கடையின் வாசலில் தனிக் குவளைதான் இருந்தது. ஆகவேதான் 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம், தன் பதினைந்தாம் உறுப்பில், பொது உணவகத்துள் நுழைய எவரையும் சாதியின் பெயரால் தடுக்கலாகாது என எழுதி வைத்தது. 1955-ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டம், உணவகத்தில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தத் தடை செய்வதும் குற்றமே என்றது. ஒரு குவளைக்காகச் சட்டம் இயற்ற வேண்டிய நிலையில் ஒரு நாடு இருந்ததை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

இது நம் நாட்டின் நோய் மட்டுமன்று. அமெரிக்காவின் கிரீன்ஸ்பரோ நகரில், வெள்ளையர்க்கு மட்டுமே பரிமாறிய கடையொன்றில், 1960 பிப்ரவரி 1-ஆம் நாள் கறுப்பின மாணவர் நால்வர் அமர்ந்து காப்பி கேட்டனர். மறுத்தபோதும் எழவில்லை. மறுநாள் மேலும் பலர் வந்தனர். அவ்வாண்டு சூலைத் திங்களில் அக்கடை எல்லார்க்கும் பரிமாற இசைந்தது. அந்நால்வரும் கல்லூரி மாணவர் என்பதை இங்குள்ள இளைஞர்கள் கருத்தில் கொள்க.

பிரிக்கும் பந்தியைக் கூட்டும் பந்தியாக மாற்றியோரும் உண்டு. சீக்கியரின் பொது அடுக்களையில் வேந்தனும் வறியவனும் தரையில் ஒரே வரிசையில் அமர வேண்டும். அவர்கள் அவ்வரிசையைக் குறிக்கும் ‘பங்கத்’ என்னும் சொல்லும் நம் ‘பந்தி’யும் ஒரே வேரில் கிளைத்தவை. 1867-இல் வடலூரில் வள்ளலார் நிறுவிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு, சாதி மத வேறுபாடின்றி இன்றளவும் எரிகின்றது. 1917-இல் கேரளத்துச் செறாயியில் சகோதரன் அய்யப்பன், புலையர் மக்களுடன் ஈழவர் சேர்ந்துண்ணும் விருந்தினை நடத்தினார். அதற்காக அவரைப் ‘புலையன் அய்யப்பன்’ என இகழ்ந்தனர். அவர் அப்பெயரை மகிழ்ந்தே ஏற்றார்.

எனினும் ஒரு நாள் விருந்து ஒரு நாளோடு போய்விடும். சேர்ந்துண்பதால் மட்டும் சாதி ஒழியாது என அண்ணல் அம்பேத்கர் 1936-இலேயே எச்சரித்தார். அன்றாடம் தொடரும் பந்தி ஒன்று வேண்டும். அதைத் தந்தது பள்ளிக்கூடம். 1920-இல் சர் பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய சென்னை நகராட்சி மன்றம், ஆயிரம் விளக்குப் பள்ளியில், ஒரு மாணவர்க்கு ஓர் அணாவுக்கு மிகாத செலவில் பகலுணவு அளித்தது. 1956-இல் காமராசர் அதை மாநிலமெங்கும் விரித்தார். 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கண்டார். 1989-இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதல் வண்டிக்கு ஓடும் தாயின் கவலைக்கு விடை கிடைக்க நூறாண்டு ஆயிற்று!

இப்பந்தியும் எதிர்ப்பின்றி அமையவில்லை. 2018-இல் திருப்பூர் மாவட்டப் பள்ளி ஒன்றில், நம் சமுதாயத்துப் பெண் சமைத்ததைத் தம் பிள்ளைகள் உண்ணலாகாது எனச் சிலர் தடுத்தனர். பெரியோர் இவ்வாறு கற்பித்தால் பிள்ளைகள் எதைக் கற்பர்?

பிறரைக் குறை கூறியதோடு நிறுத்துவது முறையன்று. நம் வீட்டையும் பார்ப்போம். நம் இல்லங்களில் ஆண்கள் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், சட்டியில் மிஞ்சியதைத் தாய் உண்கிறாள். அவளுக்குப் பந்தியே இல்லை. உட்பிரிவு பார்த்து உறவு கொண்டாடும் வழக்கமும் நம்மிடையே ஒழியவில்லை. நம்முள் பலர் பள்ளி நாள்களில், தூக்குச்சட்டியின் மூடியால் மறைத்துச் சுவர் பக்கம் திரும்பி உண்டவர்கள். கூழையும் இறைச்சியையும் பிறர் இழிவாகப் பேசியதை நம்பி, நம் தாய் சமைத்ததற்கு நாமே வெட்கினோம். அவ்வெட்கம் நம் பிள்ளைகளைத் தொடர்தல் ஆகாது.

இறுதியாக, கழகத்தாரின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம். ஒன்று, நம் மாலை வகுப்பு ஆறு மணிக்குத் தொடங்குகிறது. நண்பகலில் உண்ட பிள்ளை அதற்குள் பசித்துச் சோர்ந்து, ஏழு மணிக்குப் புத்தகத்தின்மேல் கண்ணயர்கிறது. அதைச் சோம்பல் எனக் கடிந்து பயனில்லை. வகுப்புக்கு முன் ஒரு கைப்பிடிச் சுண்டலோ ஒரு குவளைக் கஞ்சியோ தருக. காசநோய்க்கு மருந்து காணாத காலத்தில், 1928-இல் நம் தாம்பரத்தில் எழுந்த நலவாழ்வு மனை போன்றவை நல்ல காற்றையும் ஓய்வையும் ஊட்டமான உணவையுமே மருந்தாக நம்பின. கல்விக்கும் உணவே முதல் மருந்து. இரண்டு, அதைப் பிள்ளைகளே முறைவைத்துப் பரிமாறட்டும்; ஆண் பிள்ளைகளே பாத்திரம் துலக்கட்டும். மூன்று, இன்று இவ்விழா முடிந்ததும் நடைபெறும் விருந்தில், சமையற்கட்டில் நிற்கும் நம் தாய்மார்கள் முதல் பந்தியில் அமரட்டும். நாம் பரிமாறுவோம். விழா மலரில் நாம் எழுதும் எல்லாவற்றையும்விட அக்காட்சியே நம் பிள்ளைகள் மனத்தில் நிலைக்கும்.

பரங்கிமலையில் பிறந்து, ஆசிரியராய்த் தொண்டாற்றி, சட்டமன்றம் புகுந்து நமக்காக வாதாடிய எம்.சி. ராஜா அவர்கள் வாழ்ந்த மண் இது. அம்மண்ணில் எந்தப் பிள்ளையும் பசியோடு பாடம் கேட்கலாகாது. எந்தப் பிள்ளையும் தனியே அமர்ந்து உண்ணலாகாது. இவ்வுறுதியோடு ஐம்பதாம் ஆண்டை நோக்கி நடப்போம்.

வாழ்க நம் கல்விக் கழகம்!