தீயைப் படிக்கும் மாணவர்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



காட்டுத்தீயைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று சொன்னபோது, "வீரமுனையாருக்குக் காட்டுத்தீ எதற்கு?" என்று அன்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நம்மைச் சுற்றி இருப்பது வயல். கிழக்கே காரைதீவைத் தாண்டினாற் கடல். ஆனால் இம்மாவட்டத்து வயல்களுக்கு நீர் எங்கிருந்து வருகிறது? நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரத்திலிருந்து வருகிறது. அந்நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடும் புல்வெளியும் 1954இல் கல்லோயா தேசிய வனமாக்கப்பட்டன. அங்கே கோடையிற் பிடிக்கும் தீ மண்ணை மொட்டையாக்கினால், மாரி மழை அம்மண்ணை அள்ளிக்கொண்டு வந்து சேர்க்கும் இடம் நம் குளமே.

அவ்வனத்தின் ஒரு பெரும் பகுதி அடர்காடன்று. மானாப் புல்லும் இலுக்கும் ஆளுயரம் வளர்ந்து நிற்க, நடுவே விலகி விலகி மரங்கள் நிற்கும் வெளி. சிங்களத்தில் இதனைத் தலாவ என்பர். அங்கே நிற்கும் மரங்கள் எவை தெரியுமா? கடுக்காய், தான்றி, நெல்லி. நாட்டு வைத்தியர் திரிபலை என்று கூட்டும் மூன்றும் ஒரே வெளியில் நிற்கின்றன. இது தற்செயலன்று. இவை தீயைத் தாங்கும் மரங்கள். புல் எரிந்தாலும் தடித்த பட்டை உள்மரத்தைக் காக்கும். கருகியது வேரடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும். வேடர் முதலாய காட்டு மக்கள் பன்னெடுங்காலம் புல்லை எரித்துவந்தமையாலேயே இவ்வெளி வெளியாக நின்றது என்பது அறிஞர் பலர் கொள்கை. எரிந்த நிலத்தில் இளம்புல் தளிர்க்கும். மான் வரும், மரை வரும், யானையும் வரும்.

ஆகவே தீ காட்டுக்குப் பகையா, உறவா என்ற கேள்விக்கு ஒரே சொல்லில் விடை இல்லை. எந்தக் காடு, எந்த மாதம், எந்தக் காற்று என்று கேட்ட பின்னரே விடை சொல்ல முடியும். இப்படிக் கேட்பதை ஒரு சாத்திரமாகவே வளர்த்திருக்கிறார்கள். தீச்சூழலியல் என்பது அதன் பெயர்.

அமெரிக்காவில் இத்துறை ஆய்வாளர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. அதற்குச் சர்வகலாசாலைகளில் மாணவர் கிளைகளும் உண்டு. ஐடகோ சர்வகலாசாலையில் உள்ள கிளை அவற்றுள் ஒன்று. (அச்சர்வகலாசாலை இருக்கும் ஊரின் பெயர் மொஸ்கோ. ருசியாவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) இத்தகைய கிளைகளில் மாணவர் கூடித் தீயணைக்கும் தொழிலில் உள்ளவர்களை அழைத்துப் பேச்சுக் கேட்பர், மாநாடுகளுக்குப் போவர். எல்லாவற்றிலும் மேலாக, அனுபவசாலிகளின் மேற்பார்வையில், நாள் குறித்து, காற்றும் ஈரமும் அளந்து, காட்டுத் தரைக்குத் தாமே தீ வைத்துப் பழகுவர். எந்தக் குச்சி எரிந்தது, எந்தக் கன்று பிழைத்தது என்று பின்னர் எண்ணிப் பார்ப்பர். கோடை விடுமுறையில் தீயணைக்கும் படையிற் சேர விரும்புபவர் 45 இறாத்தல் பாரத்தைச் சுமந்து 3 மைல் தூரத்தை 45 நிமிடத்தில் நடந்து முடிக்க வேண்டும். ஓடக்கூடாது. நமது வாலிபர் சிலர் முயன்று பார்க்கலாம். நெல்மூட்டை தூக்கிப் பழகியவருக்குப் பாரம் பெரிதன்று, வேகம்தான் பெரிது.

அந்த ஐடகோவிலேயே இந்தப் படிப்பு முளைத்ததற்குக் காரணம் உண்டு. 1910 ஓகஸ்ற் 20, 21ஆந் திகதிகளில் ஐடகோவிலும் மொன்றானாவிலும் ஏறத்தாழ முப்பது லட்சம் ஏக்கர் காடு எரிந்தது. அந்தப் பயத்தில், எங்கே தீ கண்டாலும் அணைத்துவிடுவது என்று அந்நாட்டு வன இலாகா உறுதி கொண்டது. கண்ட தீ மறுநாட் காலை பத்து மணிக்குள் அணைய வேண்டுமென்று 1935இல் கட்டளையே பிறந்தது. விளைவு என்ன? அவ்வப்போது எரிந்து கழிய வேண்டிய சருகும் சுள்ளியும் காட்டில் மலைபோற் குவிந்தன. பிறகு பிடித்த தீ, பெரு மரங்களின் உச்சிவரை ஏறியது. தீயை முற்றாக விலக்கியது பெருந்தீக்கு விறகு சேர்த்ததாயிற்று. 1970களில்தான் அக்கட்டளை கைவிடப்பட்டது.

தீயைப் பற்றிய அறிவு உயிரோடு தொடர்புடையது என்பதற்கு ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன். 1949 ஓகஸ்ற் 5ஆந் திகதி, மொன்றானாவின் மான் கல்ச் என்னும் பள்ளத்தாக்கில் தீயணைக்க 15 பேர் விமானத்திலிருந்து குதித்தனர். தரையிலிருந்த காவலர் ஒருவரும் சேர்ந்துகொண்டார். பலர் இருபது வயதை ஒட்டிய இளைஞர், மாணவரும் இருந்தனர். காற்றுத் திரும்ப, தீ அவர்களைப் புல் மூடிய சரிவின்மேல் துரத்தியது. சரிவில் ஏறும் தீ, ஏறும் மனிதனை முந்திவிடும். தலைவர் வாக்னர் டொட்ஜ் திடீரென நின்று, தமக்கு முன்னாலிருந்த புல்லுக்குத் தாமே நெருப்பு வைத்தார். அது எரிந்து அகன்ற சாம்பலிற் குப்புறப் படுத்துக்கொண்டு, மற்றவர்களையும் வருமாறு கூவினார். எரிந்த இடம் மறுமுறை எரியாது என்பது அவர் கணக்கு. அவர்களோ, இவருக்குச் சித்தம் கலங்கியது என்றெண்ணினரோ என்னவோ, தாண்டி ஓடினர். 13 பேர் மாண்டனர். டொட்ஜ் பிழைத்தார், மலைமுகட்டை எட்டிய இருவரும் பிழைத்தனர்.

தமிழ்நாட்டில் நடந்ததையும் மறக்க முடியாது. 2018 மார்ச் 11ஆந் திகதி, தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடைப்பயணம் போனவர்கள் காய்ந்த புற்சரிவில் தீயிற் சிக்கினர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பெரும்பாலானோர் இளவயதினர். கோடைப் புல்லிடையே நடப்பவன் பார்த்து வைக்க வேண்டியவை நான்கு: தீயைக் கண்காணிக்க ஒருவர், அவர் குரல் நமக்கு எட்டும் வழி, ஓடித் தப்பும் பாதை, போய் நிற்கும் வெட்டவெளி. தீயணைப்போருக்கு இது அடிப்படைப் பாடம்.

கர்நாடகத்து பிளிகிரிரங்கன் மலையில் வாழும் சோலகரின் கதை நமது தலாவ வெளிக்கு இன்னும் நெருங்கியது. அவர்கள் கோடையின் தொடக்கத்தில், சருகு மட்டும் மெல்ல எரியும்படி காட்டுத் தரைக்குத் தீ வைப்பது வழக்கம். அம்மலை 1974இல் சரணாலயமானபின் அது தடுக்கப்பட்டது. பிறகு நாயுண்ணிச் செடி காட்டை அடைத்தது. அவர்கள் பறித்து விற்ற நெல்லியில் புல்லுருவி ஏறி மரங்களைக் கெடுத்தது. தீ நின்றதே காரணம் என்றார்கள் முதியோர். பெங்களூர் ஆய்வாளர்கள் அவர்களோடு சேர்ந்து ஆராய்ந்தபோது, அச்சொல்லைத் தள்ளிவிட முடியவில்லை.

நம்மிடையிலும் அத்தகைய முதியோர் இருக்கிறார்கள். சேனை வெட்டியவர்களைக் கேளுங்கள். வெட்டிய காட்டை எத்தனை நாள் காயவிட்டார்கள்? சுற்றிவர எத்தனை முழம் செத்தித் துப்புரவாக்கினார்கள்? கச்சான் காற்று வீசும் நாளில் எந்தப் பக்கத்தில் முதல் நெருப்பு வைத்தார்கள்? பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் தீப்பள்ளயத்துக்குத் தணல் பதப்படுத்துவோருக்குக்கூட எந்த விறகு எப்படித் தணலாகும் என்று தெரியும். இவ்வறிவு எழுதப்படவில்லை. சேனை குறையக் குறைய அதுவும் குறைகிறது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் சர்வகலாசாலைகள் இருக்கின்றன. இத்தகைய மாணவர் சங்கம் அங்கே ஒன்று அமைவது நன்று என்பது என் எண்ணம். அங்கே படிக்கும் நமது பிள்ளைகள்தாம் தொடங்க வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்கிறேன். இதைக் கேட்டுவிட்டு ஒருவரும் தீப்பெட்டியோடு காட்டுக்குப் போக வேண்டாம். ஒதுக்கக்காட்டில் தீ வைப்பது சட்டப்படி குற்றம். கச்சானில் வைத்த தீ யார் சொல்லையும் கேளாது. முதலில் வேண்டியது ஒரு கொப்பி. இவ்வாண்டு ஆவணியில் மேற்கே புகை தெரியும் நாட்களை எழுதுங்கள். காற்றின் திசையை எழுதுங்கள். மாரி தொடங்கியதும், வனசீவராசிகள் திணைக்களத்தாரின் அனுமதி பெற்று, எரிந்த வெளியொன்றுக்குப் போய், எந்த நெல்லி துளிர்த்தது, எது பட்டது என்று எண்ணி வாருங்கள். கொப்பியின் முதற் பக்கங்களைச் சேனை செய்த பெரியவர்களுக்கென்று விட்டுவையுங்கள். அவர்களிற் சிலர் இன்று முன்வரிசையிலேயே இருக்கிறார்கள். கூட்டம் முடிந்ததும் கேட்கத் தொடங்கலாம்.